தண்ணீர் குடித்த ஆறு எலிகள்

பீர்மேட்டுக்கு வெள்ளை எலிகள் வந்தது ஐம்பத்தைந்தாம் வருஷம், ஆகஸ்டு மழையில். சென்னையிலிருந்து ரயிலிலும் கம்பத்திலிருந்து மலைப் பஸ்ஸிலுமாக வந்தன. குமுளியில் கண்டக்டர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, தலைக்கு அரை டிக்கெட் கேட்டார் என்றும், ஏறும்போது இருபதாக இருந்தவை இறங்கும்போது இருபத்தாறாகிவிட்டதால் கடைசி ஆறும் டிக்கெட் இல்லாமல் பிடிபட்டன என்றும் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். பாதி நம்பினால் போதும். ஆனால் அந்த எலிகளைப் பார்த்துக்கொண்ட கருத்தப்பாண்டியைப் பற்றி நான் ஒரு சொல்லும் கூட்டியதில்லை. கூட்டுவதற்கு அவர் இடம் வைக்கவில்லை.

அவருக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. தேயிலை ஃபாக்டரியில் காவல்காரராக இருந்து, முழங்கால் மடங்காமல் போனபின் வேலையை விட்டவர். பிள்ளைகள் இல்லை. மனைவி மாரித்தாய் இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. வேலையை விட்டவர்கள் லயத்து அறையை, அதாவது எஸ்டேட் கொடுத்த வரிசைவீட்டு அறையை, காலி செய்யவேண்டும் என்பது சட்டம். இவரைக் காலி செய்யச் சொல்ல எவருக்கும் நினைவு வரவில்லை. அவ்வளவுக்குக் கண்ணில் படாத மனிதர். சந்தை நாளில் உப்பு கேட்கத்தான் வாயைத் திறப்பார். ஒரு வாரம் பேசாத குரல் கரகரவென்று வரும். கடைக்காரர் சளி என்று நினைத்துக்கொண்டு சுக்கும் சேர்த்துக் கட்டிக் கொடுப்பார். இவரும் இல்லையென்று சொல்ல இன்னொரு வார்த்தை செலவழிப்பானேன் என்று வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

எலிகளைக் கொண்டுவந்தவர் ஜானகியம்மாள். கல்பாத்திக்காரி, ரசாயனம் படித்தவர், முப்பத்துமூன்று வயது. மலையில் விளையும் பச்சிலைகளில் எது வீக்கத்தை இறக்குகிறது, அந்த இலைக்குள் இருந்து இறக்கும் சரக்கு எது என்று தேடுவதற்காக இரண்டு வருஷத்துக்குச் சம்பளம் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். எஸ்டேட்டில் ஆளில்லாமல் கிடந்த பழைய பங்களாவில் முன்னறையில் அவர், பின்னறையில் எலிகள். பின்னறைக்கு ஓர் ஆள் வேண்டும் என்றபோது கருத்தப்பாண்டியைச் சொல்லிவிட்டது நான்தான். எஸ்டேட் பள்ளியில் டீச்சராக இருந்தேன். அவருடைய மௌனத்தை எலிகளாவது கலைக்கட்டுமே என்று நினைத்தேன்.

சோதனை இப்படி. எலியின் பின்னங்கால் பாதத்தில் முட்டை வெள்ளையை ஊசியால் ஏற்றினால் பாதம் பொதபொதவென்று வீங்கும். ஒரு தடவைக்குப் பன்னிரண்டு எலிகளுக்கு வீக்கம் உண்டாக்கி, ஒரு கூண்டில் உள்ள ஆறுக்கு அன்றைய பச்சிலைக் கஷாயம், இன்னொரு கூண்டில் உள்ள ஆறுக்கு வெறும் தண்ணீர். காலை பத்துக்கும் மதியம் ஒன்றுக்கும் மாலை நாலுக்கும் பாதத்தைச் சுற்றி நூல் கட்டி, நூலில் மையால் புள்ளி வைத்து, அளவுகோலில் வைத்துப் பார்ப்பார் ஜானகியம்மாள். கஷாயக் கூண்டில் வீக்கம் சீக்கிரம் வடிந்து தண்ணீர்க் கூண்டில் வடியாவிட்டால், இலையில் விஷயம் இருக்கிறது.

லயத்தில் இதற்கு நடந்த விளக்கம் வேறு. "எலிக்கு முட்டை, நமக்குக் கஞ்சித் தண்ணி" என்றார்கள். எலி சூப்பு வைத்துத் துரைசாணிக்கு விற்கிறார்கள் என்றார்கள். இந்த இரண்டாவது நான் கிளப்பிவிட்டது.

நொச்சி போட்டார்கள். முடக்கத்தான், வாதநாராயணன், ஆடாதோடை, ஆற்றோரத்துப் பட்டை ஒன்று என்று பதினொரு சரக்கு போட்டார்கள். ஒன்றும் தேறவில்லை. இரண்டு கூண்டிலும் ஒரேபோல வீங்கி ஒரேபோல வடிந்தது. ஜானகியம்மாள் சென்னைக்கு எழுதினார். அங்கிருந்து, அவரை அனுப்பிவைத்த பேராசிரியர், மலையை விட்டு இறங்கி வரும்படி பதில் எழுதினார். ஜானகியம்மாள் சாப்பாட்டைக்கூட ஜன்னலோரம் நின்றபடி சாப்பிட ஆரம்பித்தார். ஒரே வீட்டில் இரண்டு பேர், நடுவில் ஒரு கதவு, இரண்டு பக்கமும் பேச்சில்லை.

அப்படி ஒருநாள்தான் கருத்தப்பாண்டி வாயைத் திறந்தார்.

"அம்மா, எங்க வீட்டுக்காரி ஒரு கொடி கட்டுவா. ஓடைக்குள்ள கெடக்கும். கொழுந்து பறிக்கிற பொம்பளையளுக்கு மணிக்கட்டு வீங்கும்லா, அதுக்கு."

"பேரென்ன?"

"பேரெல்லாம் இல்லம்மா. மாரித்தாய் கொடின்னுதான் சொல்லுவாவ."

ஜானகியம்மாள் சிரித்தார். நான் பார்க்க அவர் சிரித்தது அன்றுதான். "சரி, கொண்டு வா. இது ஜெயிச்சா ஆராய்ச்சிக் கட்டுரையிலே மாரித்தாய்னு அச்சிலே போட்டுடறேன். உண்மையாக்கும் சொல்றேன்."

அந்த ஒரு வார்த்தை கருத்தப்பாண்டியைப் பிடித்துக்கொண்டது. மாரித்தாய்க்கு ஒரு போட்டோ கிடையாது. புதைத்த இடத்தில் மறு வருஷமே தேயிலைக் கன்று வைத்துவிட்டார்கள். அவள் பெயர் இருந்த எஸ்டேட் பேர்ப்புத்தகம் மழையில் நனைந்து போயிற்று. அச்சில் அவள் பெயர் வரவேண்டும் என்பது தவிர அவருக்கு உலகத்தில் வேறு வேண்டுதல் இல்லை. முழங்கால் மடங்காத மனிதர் ஓடைக்குள் உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து இறங்கி, ஒரு சுமை கொடி அறுத்து வந்தார்.

ஐம்பத்தேழு ஜனவரியில் பன்னிரண்டாவது சரக்காக அந்தக் கொடி ஏறிற்று. மாலை நாலு மணிக்கு நூல்களை மேஜையில் பரப்பிப் பார்த்துவிட்டு ஜானகியம்மாள் அவற்றைச் சுருட்டி வைத்தார்.

"பாண்டி, உன் கொடியும் ஒண்ணும் பண்ணலை. ரெண்டு கூண்டும் ஒண்ணுபோலதான் இருக்கு. மார்ச்சோட நான் கிளம்பறேன்."

"ஒண்ணுபோலன்னா? மருந்து குடிச்ச ஆறுக்கும் வடிஞ்சிருக்குல்லாம்மா?"

"வடிஞ்சிருக்கு. தண்ணி குடிச்ச ஆறுக்கும் வடிஞ்சிருக்கே! மருந்தில்லாமலே வடியறதுன்னா, அப்புறம் மருந்து எதுக்கு?"

கருத்தப்பாண்டி சுவரில் சாய்ந்துகொண்டார். கேட்டது புரிவதற்குக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. புரிந்ததும், சொல்லாமல் இருந்துவிடலாமா என்றும் தோன்றியதாம். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் மாரித்தாய் போவாள்.

"அம்மா, மருந்தில்லாம வடியலை. நான் ஒத்தடம் குடுத்தேன்."

"யாருக்கு?"

"தண்ணிக் கூண்டுக்கு. நீங்க முன்னறைக்கு எழுதப் போனதும் தவிட்டை வறுத்துத் துணியில கட்டி ஒத்தி, வெரல்லேருந்து மேல் பக்கமா நீவி விடுவேன். ஒவ்வொரு தடவையும்."

"எத்தனை நாளா?"

"மொத நாள்லேருந்தே."

எங்கள் லயத்தில் ஒரு வழக்கம். வீங்கிய கையையோ காலையோ பார்த்தவர் ஒரு தரமாவது நீவி விடாமல் தாண்டிப் போகக்கூடாது. பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுக்காரியாக இருந்தாலும் நின்று நீவிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். தாண்டிப் போனால் அந்த வீக்கம் சாபமாகிவிடும் என்பார்கள். எனக்கே மணிக்கட்டு சுளுக்கியபோது, பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் எட்டுப் பேர் நீவி, எட்டாவது ஆள் நீவியதில் சுளுக்கு மற்றக் கைக்குப் போய்விட்டது.

ஜானகியம்மாள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ஏண்டாப்பா, தொடக்கூடாதுன்னு நான் சொல்லலையா?"

"மருந்துக் கூண்டைத் தொடக்கூடாதுன்னு நெனச்சேன். அதுவளுக்கு மருந்து இருக்கு. இந்த ஆறுக்கும் மருந்து பத்தலை போலன்னு நெனச்சேம்மா. ரேஷன் அரிசி பத்தாதப்ப கடைசி லயத்துக்கு இல்லாமப் போவும்லா, அது மாரி. மருந்தும் இல்ல, கேக்க ஆளும் இல்லன்னா அதுவ என்ன செய்யும்?"

பதினொரு பச்சிலையும் பதினேழு மாசமும் இந்த மனிதரின் உள்ளங்கைக்குள் கரைந்துபோயிருந்தன. ஜானகியம்மாள் திட்டுவார் என்று எதிர்பார்த்தாராம். அவர் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார்.

"அடுத்த வாரம் இன்னொரு தடவை பண்ணறோம். நீ உள்ளே வரப்படாது."

"வெளியே வச்சுப் பூட்டிருங்கம்மா. என் கையை நான் நம்ப மாட்டேன்."

"பூட்டறதுக்கு இதென்ன ஜெயிலா? மாரித்தாய் பேர் வேணும்னா நீயே உன் கையைப் பிடிச்சுண்டு உக்காரு."

அப்படியே உட்கார்ந்தார். காலை பத்திலிருந்து பின்னறைக் கதவுக்கு வெளியே, இரண்டு கையையும் அக்குளில் சொருகிக்கொண்டு. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத மூடுபனி. உள்ளே வீங்கிய காலைத் தூக்கிக்கொண்டு எலிகள் மூன்று காலில் நடப்பது தகரத்தில் டப்டப்பென்று கேட்டுக்கொண்டிருந்தது. எந்தக் கூண்டு என்று சத்தத்திலேயே தெரிந்ததாம்.

பன்னிரண்டு மணிக்குக் கொழுந்துக் கூடையோடு போன சந்தனம் நின்றாள். மலையிலேயே நீளமான நாக்கு அவளுடையது.

"என்ன மாமா, எலிய ஒங்களை வீட்டை விட்டு வெரட்டிட்டுவளா?"

"போடி அங்கிட்டு."

"ரெண்டாம் தாரமா ஒரு பெருச்சாளி பாக்கட்டுமா?"

"நீ இருக்கும்போது வேற எதுக்குத் தேடணும்?"

சந்தனம் சிரித்துக்கொண்டே பனிக்குள் போய்விட்டாள். அன்று கதவு திறக்கும்வரை அவரிடம் பேசியது அவள் ஒருத்திதான். அதற்குப் பிறகு நாலு மணிநேரம் அந்த டப்டப்புதான்.

நாலு மணிக்கு ஜானகியம்மாள் கதவைத் திறந்து, இரண்டு நூல்களைத் தூக்கிக் காட்டினார். மருந்துக் கூண்டு நூல் நன்றாகவே குட்டையாகியிருந்தது. தண்ணீர்க் கூண்டு நூல் காலையில் இருந்தபடியே.

"பாத்தாயா! உன் ஆத்துக்காரி கெட்டிக்காரியாக்கும்!"

"இனித் தொடலாமாம்மா?"

"தொடு, தொடு."

தவிட்டு மூட்டையோடு, மடங்காத காலை இழுத்துக்கொண்டு உள்ளே விரைந்தார். அவர் கை நுழைந்ததும் மேலே ஏறி விளையாடும் எலிகள் அன்று கையை முகர்ந்து பார்த்துவிட்டு ஆறும் மூலைக்குப் போய் ஒண்டிக்கொண்டன. ஒவ்வொன்றாகப் பிடித்துத்தான் நீவினார்.

ஒரு தடவை போதாது என்று மார்ச்சுக்குள் இன்னும் இரண்டு தடவை நடந்தது. இரண்டு தடவையும் வெளியே உட்கார்ந்தார். மூன்றும் ஒரே விடையைச் சொல்லின. பிறகு ஜானகியம்மாள் எலிகளையும் கட்டிக்கொண்டு பஸ் ஏறினார். கருத்தப்பாண்டி பழையபடி தன் லயத்து அறைக்குப் போனார். கொஞ்ச நாள் அவர் தெருவில் போகும்போது லயத்துப் பிள்ளைகள் எலிபோலக் கத்தினார்கள். பிறகு அதுவும் ஓய்ந்தது.

ஐம்பத்தெட்டு கடைசியில் ஒரு தபால் உறையைப் பிரிக்காமலே என்னிடம் கொண்டுவந்தார். நாலே பக்கம், இங்கிலீஷ், அச்சு. கடைசிப் பக்கத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னேன்: "இக்கொடியின் குணத்தை அறிந்து பயன்படுத்தி வந்தவர், கொழுந்து பறிக்கும் தொழில் செய்த காலஞ்சென்ற மாரித்தாய்." மூன்று தரம் சொல்லச் சொன்னார். பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டார்.

"அந்த ஆறு பேரைப் பத்தி என்ன போட்டிருக்கு டீச்சர்?"

"எந்த ஆறு பேர்?"

"தண்ணி குடிச்சதுவ."

தேடினேன். இரண்டாம் பக்கத்தில் ஒரே வரி. அதைப் பார்த்துவிட்டு, "அந்த ஆறும் ரொம்பப் பொறுமையாக இருந்தன, அவற்றுக்கு மிகவும் கடமைப்பட்டிருக்கிறோம் என்று போட்டிருக்கிறார்" என்றேன்.

கருத்தப்பாண்டி என் முகத்தைப் பார்த்தார். "அம்மா அப்படி எழுதுற ஆளு இல்ல டீச்சர். உள்ளதை வாசிங்க."

வாசித்தேன். "தண்ணீர் மட்டும் கொடுக்கப்பட்ட ஆறிலும் வீக்கம் குறையவில்லை."

"ஆமா," என்றார். "குறையலை."

பென்சில் எடுத்து, "மாரித்தாய் பேருக்கு அடியில் கோடு போட்டுத் தரட்டுமா?" என்று கேட்டேன்.

"அது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். இதுக்குப் போடுங்க."

போட்டேன். காகிதத்தை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு படி இறங்கியவர் திரும்பி வந்து, அந்த வரியை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று கேட்டார். சொன்னேன். சொல்சொல்லாகப் பிரித்து, வாய்க்குள் உருட்டி, பிசகில்லாமல் திருப்பிச் சொல்லும்வரை நின்றார். பிறகு லயத்துப் பக்கம் நடந்தார், அதைச் சொல்லிக்கொண்டே.