மூன்றாம் முறை மகள் வீட்டில்தான் இருந்தாள்

போன வருடம் ஆவணி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, "ஊக்கமருந்துச் சர்ச்சையில் யாழ். வீராங்கனை" என்ற தலைப்போடு என் மகள் ஜெனிற்றாவின் படம் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் வந்தது. படத்தில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். தேசிய சைக்கிள் ஓட்டப் போட்டியில் வென்ற அன்று எடுத்த படம் அது. அன்று அதே பத்திரிகை அதே படத்தை முதற்பக்கத்தில் போட்டிருந்தது. படத்துக்கும் பதவி இறக்கம் உண்டு என்று அன்றுதான் அறிந்தேன்.

பாண் வாங்கக் கடைக்குப் போனேன். அங்கே நின்ற மூன்று பேர் கதையை நிறுத்தினார்கள். திரும்பி வந்தபோது ஜெனிற்றா தன் சைக்கிளைக் கழுவித் துடைத்து, பழைய படுக்கை விரிப்பு ஒன்றால் மூடிக்கொண்டிருந்தாள். இருபத்தேழு வயதுப் பெண், சவத்தை மூடுவதுபோல அதை மூடினாள். என் மனைவி றெஜினா அதைப் பார்த்துவிட்டுக் குசினிக்குள் போய்ச் சத்தம் வராமல் அழுதாள். நான் அழவில்லை. புதிதாக ஒரு கோவையைத் திறந்து, முதல் பக்கத்துக்கு இலக்கமிட்டேன்.

நான் குருநகரில் கடற்தொழில் செய்த குடும்பத்தில் பிறந்தவன். கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், முப்பத்து நான்கு வருடம் வேலை செய்து, நிர்வாக உத்தியோகத்தராக ஓய்வு பெற்றேன். எந்த விண்ணப்பம் எந்த மேசைக்குப் போகும், எந்த மேசையில் நித்திரை கொள்ளும், எதைச் சொன்னால் எழும்பும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். கடவுளை ஞாயிற்றுக்கிழமைகளில் நம்பினேன். மற்ற ஆறு நாளும் நடைமுறையை நம்பினேன். எங்கள் கோவில் பங்கிலுள்ள உங்களில் பலருக்கு நடந்ததன் முற்பாதி தெரியும். பிற்பாதியைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஜெனிற்றா எந்தச் சோதனையிலும் மருந்தோடு பிடிபடவில்லை. அவள்மேல் வந்த குற்றச்சாட்டு வேறு. அவளைப் போன்ற தொழில்முறை வீரர்கள் தாங்கள் ஒவ்வொரு நாளும் எங்கே இருப்பார்கள் என்று கணினியில் முன்கூட்டியே பதிய வேண்டும். ஒரு மணித்தியாலத்தையும் குறித்துக் கொடுக்க வேண்டும். அந்த நேரத்துக்குள் சோதனையாளர் முன்னறிவித்தல் இல்லாமல் வருவார். வீட்டில் ஆள் இல்லாவிட்டால் அது ஒரு தவறு. பன்னிரண்டு மாதத்துக்குள் மூன்று தவறு சேர்ந்தால் இரண்டு வருடத் தடை. நல்ல விதிதான். மருந்து போட்டுவிட்டு ஒளித்துத் திரிகிறவர்களை வேறு எப்படிப் பிடிப்பது?

முதல் தவறு அவளுடையது. விமானம் பிந்தியபோது பதிவை மாற்ற மறந்துவிட்டாள். ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தாள். இரண்டாவது தவறு அவளுடைய அணி முகாமையாளருடையது. மலேசியாவில் பதிவான சிறிய அணி அது. பயிற்சி முகாமை வேறு ஊருக்கு மாற்றியபோது எல்லாருடைய பதிவையும் தானே மாற்றுவதாக அவர் சொல்லியிருந்தார். மற்றவர்களுடையதை மாற்றினார், ஜெனிற்றாவுடையதை மறந்தார். அதை ஒரு கடிதத்தில் எழுதித் தரும்படி அவள் கேட்டபோது, தன் சட்டத்தரணி எதையும் எழுத வேண்டாமென்று சொல்லியிருப்பதாகப் பதில் அனுப்பினார். "நீ எங்கள் குடும்பத்துப் பிள்ளை" என்று அதற்கு முந்திய மாதம் சொன்னவரும் அவரே. ஆவணி முடிவதற்குள் அந்தக் குடும்பம் மின்னஞ்சலில் அவளுடைய ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது.

மூன்றாவது தவறுதான் எனக்கு விளங்கவில்லை. ஆனி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவள் குறித்த நேரம் காலை ஆறிலிருந்து ஏழு. நானும் றெஜினாவும் ஆறு மணிப் பூசைக்குப் போயிருந்தோம். ஜெனிற்றா வீட்டின் பின்னறையில், நின்ற இடத்திலேயே சைக்கிள் மிதிக்கும் உருளையில் பயிற்சி செய்துகொண்டிருந்தாள். அது அரிசி ஆலை மாதிரிச் சத்தம் போடும். சோதனையாளரின் அறிக்கையோ, ஆறு மணி தொடக்கம் ஏழு மணி வரை படலையில் நின்று பல தடவை தட்டியும் கூப்பிட்டும் பதில் வரவில்லை என்றது. எங்கள் வீட்டுக்கு அவர்கள் வந்தது அதுவே முதல் தடவை.

ஒரு மணித்தியாலம் முழுக்கவா ஒருவருக்கும் கேட்காமல் இருக்கும்? அந்தக் கேள்வி என்னை அரித்தது. ஒருநாள் அவளிடமே கேட்டுவிட்டேன்.

"நீ உண்மையா வீட்டிலைதான் இருந்தனியோ?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அப்பா, நீங்களுமோ?" என்றாள். பிறகு இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. அவளைக் கைவிட்டவர்களின் பட்டியலை நான் கோவையில் எழுதி வைத்திருந்தேன். என் பெயரை மட்டும் அதில் எழுதவில்லை.

எழுதக்கூடிய எல்லா இடத்துக்கும் எழுதினேன். சைக்கிள் ஓட்டச் சங்கத்துக்கு எழுதினேன். சுயாதீனமான விசாரணையில் தாங்கள் தலையிட முடியாது என்றார்கள். வென்ற அன்று அவளுக்கு இரு பக்கமும் நின்று படம் எடுத்தவர்கள் தலையிட்டுத்தான் எடுத்தார்கள். சோதனை நிறுவனத்துக்கு எழுதினேன். "தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது" என்று பதில் வந்தது. அந்த வசனத்தை நானே ஆயிரக்கணக்கான பேருக்கு அனுப்பியிருக்கிறேன். அதன் உண்மையான பொருள் எனக்குத் தெரியும்.

எங்கள் செபக்குழு சனிக்கிழமைகளில் நான்கு மணிக்குக் கூடும். பத்திரிகையில் செய்தி வந்த பிறகு, ஜெனிற்றாவுக்காக எங்கள் வீட்டிலேயே கூடினார்கள். எட்டுப் பேர் வந்தார்கள். இரண்டாம் கிழமை ஆறு பேர். பிறகு நாலு பேர். ஒரு கிழமையும் தவறாமல் வந்தவள் அடுத்த வீட்டு எமில்டா. தையல் வேலை செய்து தனியாகச் சீவிப்பவள். என்னை அண்ணை என்றுதான் கூப்பிடுவாள். எங்கள் விறாந்தையில் இருந்து செபமாலை சொல்லும்போது ஜெனிற்றாவின் பெயர் வரும் இடத்தில் அவளுடைய குரல் நடுங்கும். அன்பு என்று நினைத்தேன்.

நானும் செபித்தேன், விண்ணப்பம் எழுதுகிற மாதிரியே. முதலாவதாக இது, இரண்டாவதாக இது, தங்கள் மேலான கவனத்துக்கு என்று. கிழமைகள் போயின. விசாரணைத் திகதி மார்கழிக்கு வந்தது. என் கையில் ஒரு சான்றும் இல்லை. ஒன்பதாம் சனிக்கிழமை என் முறை வந்தபோது, வழக்கமான செபம் வாயில் வரவில்லை. "ஆண்டவரே, எனக்குத் தெரிஞ்ச வழியெல்லாம் முடிஞ்சுது. இனி என்ன செய்யிறதெண்டு எனக்குத் தெரியாது" என்று சொன்னேன். அவ்வளவுதான். என் வாழ்நாளில் தெரியாது என்று நான் சொன்ன முதல் செபம் அது. யாரும் ஆமென் சொல்லவில்லை. சங்கடப்பட்டிருப்பார்கள்.

எல்லாரும் போன பிறகு எமில்டா கதிரைகளை அடுக்கிக்கொண்டு நின்றாள். அடுக்கி முடிந்தும் போகவில்லை.

"அண்ணை, அண்டைக்கு அவை வந்ததை நான் கண்டனான்" என்றாள்.

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"வாசல் கூட்டிக்கொண்டு நிண்டனான். ஒரு ஆள் கோவையோடை வந்து பிள்ளையின்ரை முழுப்பேரையும் வாசிச்சுப்போட்டு இந்த வீடோ எண்டு கேட்டவர். அரைகுறைத் தமிழ். வெள்ளை வான், அண்ணை."

"நீ என்ன சொன்னனி?"

"அப்பிடி ஆரும் இஞ்சை இல்லை எண்டு சொன்னன்."

ஒன்பது கிழமை. என் விறாந்தையில், என் கதிரையில் இருந்து, அவள் என் மகளுக்காகச் செபித்திருக்கிறாள். என் வாயிலிருந்து வந்ததை மறைக்கப் போவதில்லை. "யூதாஸ் ஒரு ராத்திரிதான் கூட இருந்து சாப்பிட்டவன். நீ ஒன்பது கிழமை தேத்தண்ணி குடிச்சனி" என்றேன்.

அவள் அழவில்லை. "நீங்கள்தானே அண்ணை அப்பிடிச் சொல்லச் சொன்னனீங்கள்" என்றாள்.

சொன்னேன்தான். போர்க்காலத்தில் எங்கள் ஒழுங்கைக்கு ஒரு வெள்ளை வான் வந்தது. எமில்டாவின் தம்பி அன்ரனின் பெயரைச் சொல்லி வீடு எது என்று கேட்டார்கள். ஏதோ பதிவுக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, ஓம், இந்த வீடுதான் என்று அவள் காட்டினாள். அவர்கள் ஏற்றிக்கொண்டு போன அன்ரன் இன்றுவரை வரவில்லை. அவனுக்காக அவள் கொண்டு திரிந்த மனுக்களையெல்லாம் எழுதியவன் நான். ஒன்றுக்கும் பதில் இல்லை. அப்போது அவளிடமும் ஒழுங்கையில் உள்ள எல்லா வீட்டிலும் நான்தான் சொன்னேன்: இனி எவர் கோவையோடு வந்து பெயர் கேட்டாலும், அப்படி ஒருவரும் இல்லை என்று சொல்லுங்கள். என் உத்தியோக காலத்தில் நான் கொடுத்த அறிவுறுத்தல்களில் எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றப்பட்டது அது ஒன்றுதான்.

வந்தவர்கள் யாரென்று செபக்குழுவில் நான் விளக்கிய நாளிலேயே எமில்டாவுக்கு விளங்கிவிட்டது. சொல்லப் பயம். சொன்னால் எழுதுவார்கள், எழுதினால் தன் பெயரும் விலாசமும் கடதாசியில் ஏறும், பிறகு தன்னையும் தேடி வருவார்கள் என்று நினைத்திருக்கிறாள். அதையும் சொல்லி முடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

இவ்வளவையும் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்த ஜெனிற்றா விறாந்தைக்கு வந்தாள். ஏசப் போகிறாள் என்று நினைத்தேன்.

"அன்ரி, அவை எவ்வளவு நேரம் நிண்டவை?" என்று கேட்டாள்.

"எங்கை நிண்டவை? நான் வாசலிலை பாதி கூட்டேல்லை, வானைத் திருப்பிக்கொண்டு போயிட்டினம்."

நானும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அறிக்கையில் ஒரு மணித்தியாலம் என்று இருந்தது. சோதனையாளர் குறித்த நேரம் முடியும்வரை அங்கே நிற்க வேண்டும் என்பது விதி. நிற்காவிட்டால் அது தவறிய சோதனையே அல்ல. அந்த விதியை நான் ஐம்பது தடவை வாசித்திருந்தேன். அறிக்கையில் எழுதியிருந்த நேரத்தை ஒரு தடவைகூடச் சந்தேகிக்கவில்லை. என் சொந்த மகளைச் சந்தேகித்தேன், படிவத்தைச் சந்தேகிக்கவில்லை.

ஆனாலும் நான் எமில்டாவுக்கு நன்றி சொல்லவில்லை. வீட்டுக்குப் போ என்றேன். மூன்று நாள் அவளுடைய வீட்டுப் பக்கம் பார்க்கவில்லை. றெஜினாதான் போய் அவளோடு இருந்துவிட்டு வந்தாள். என்ன கதைத்தார்கள் என்று கேட்டேன். "ஒண்டும் கதைக்கேல்லை" என்றாள். நாலாம் நாள் காலை, பூசைக்குக் கட்டும் சேலையோடு எமில்டா படலையைத் திறந்துகொண்டு வந்தாள். எங்கே கையெழுத்து வைக்க வேண்டும் என்று கேட்டாள். நானே சத்தியக் கடதாசிகளை உறுதிப்படுத்தக்கூடிய ஒரு சமாதான நீதவான். ஆனால் என் மகளின் விடயத்தில் நான் முத்திரை குத்த முடியாது. வேறொருவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். சத்தியக் கடதாசியில் தன் முழுப்பெயரை எழுதி முடிக்க அவளுக்கு வெகுநேரம் எடுத்தது.

இப்போது எதைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அதே நாளில் அதே சோதனையாளர் நிரப்பிய அடுத்த படிவத்தைத் தரும்படி எழுதினேன். மறுக்க முடியாது, விதியில் இடமுண்டு. அடுத்த சோதனை, அறுபது கிலோமீற்றருக்கு மேல் தள்ளியிருக்கும் கிளிநொச்சியில். அந்த வீரர் கையெழுத்திட்டிருந்த நேரம் ஏழு மணி இருபது நிமிடம். எங்கள் படலையில் ஏழு மணி வரை நின்றவர் இருபது நிமிடத்தில் கிளிநொச்சி போனாரென்றால், போட்டிக்கு அனுப்ப வேண்டியது ஜெனிற்றாவை அல்ல.

மார்கழி முதற் கிழமை, காலை பத்து மணிக்கு, எங்கள் வீட்டுக் கணினியின் முன் விசாரணைக்கு இருந்தோம். மறுபக்கத்தில் விசாரணைக் குழு, நிறுவனத்தின் சட்டத்தரணி, அந்தச் சோதனையாளர், ஒரு மொழிபெயர்ப்பாளர். எமில்டா ஜெனிற்றாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சட்டத்தரணி கேட்டார்: அன்று பொய் சொன்னதாக நீங்களே சொல்கிறீர்கள், இன்று சொல்வதை எப்படி நம்புவது?

"ஓம் ஐயா, பொய்தான் சொன்னனான்" என்றாள் எமில்டா. "முந்தி ஒருக்கால் உண்மை சொல்லித் தம்பியைக் குடுத்தனான். இந்தமுறை பொய் சொல்லிப் பிள்ளையைக் குடுக்கப் பாத்தன். எனக்கு எது சரியெண்டு தெரியேல்லை. கடவுளுக்குப் பயந்து வந்திருக்கிறன்."

மொழிபெயர்ப்பாளர் அதை மெதுவாக, வசனம் வசனமாகச் சொன்னார்.

சோதனையாளரும் ஒப்புக்கொண்டார். அப்படி ஒருவரும் இல்லையென்று சொன்னதால் போய்விட்டதாகவும், படிவத்தில் நேரத்துக்குரிய இடத்தை வெறுமையாக விட முடியாததால் நிரப்பியதாகவும் சொன்னார். அவரைத் திட்ட என்னால் முடியவில்லை. போகாத கள ஆய்வுக்கு நானும் நேரம் நிரப்பியிருக்கிறேன். அதனால் யாருடைய வாழ்க்கை எங்கே நின்றதோ, எனக்குத் தெரியாது.

மூன்றாவது தவறு நீக்கப்பட்டது. வழக்கு முடிந்தது. பத்திரிகை நாலு வரி போட்டது, படம் இல்லை. முகாமையாளர் கைபேசியில் ஒரு சிவப்பு இதயம் அனுப்பினார். அணி அவளைத் திரும்ப எடுக்கவில்லை. போன பருவம் போனதுதான். ஆனால் தீர்ப்பு வந்த மறுநாள் காலை ஐந்தரைக்கு ஜெனிற்றா சைக்கிளை எடுத்துக்கொண்டு பண்ணைப் பாலத்தால் தீவுப்பக்கம் ஓடினாள். இரண்டு மணித்தியாலத்தில் முகம் சிவந்து, பசியோடு திரும்பி வந்தாள். நாலு மாதத்துக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டாள். அன்றுதான் நான் அழுதேன்.

எமில்டாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவளும் கேட்டாள். காயம் இன்னும் இருக்கிறது, இல்லையென்று எழுதினால் அது இன்னொரு பொய்ப் படிவம். அவளைக் காணும்போது சில நாளில் அந்த ஒன்பது கிழமையும் நெஞ்சில் வந்து நிற்கும். அப்போது அன்ரனின் பெயரைச் சொல்லி ஒரு செபம் சொல்லுவேன். கொஞ்சம் இறங்கும். பிறகு ஒழுங்கையில் வீடு வீடாகப் போய், நான் முந்திக் கொடுத்த அறிவுறுத்தலை மீளப் பெற்றுக்கொள்வதாகச் சொன்னேன். எல்லாரும் ஒப்புக்கொள்ளவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை.

ஆண்டவர் எனக்குச் செய்த நன்மைக்கு இதுவே என் சாட்சி. என் நீண்ட விண்ணப்பங்களுக்கு அவர் பதில் தரவில்லை. தெரியாது என்று நான் வாய்விட்டுச் சொன்ன அன்று, பத்தடி தூரத்தில் இருந்த ஒருத்தியின் வாயைத் திறந்தார். உங்களுக்கும் வழியெல்லாம் அடைத்திருந்தால், தெரியாது என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள். வெட்கப்படாமல், மற்றவர்களுக்குக் கேட்கும்படி சொல்லுங்கள். உங்களில் எவராவது ஒரு விடயத்தைப் பயத்தில் மனதுக்குள் பூட்டி வைத்திருந்தால், அதைச் சொல்லுவதற்கான பெலத்தையும் அவரிடமே கேளுங்கள். நீங்கள் சொல்லாமல் வைத்திருக்கும் அந்த ஒரு வசனத்துக்காக, அடுத்த வீட்டில் யாரோ முழங்காலில் நிற்கக்கூடும்.