கறிக்குத்தான் என்று சொன்ன வாய்

அறிக்கையின் நான்காம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. "அன்றாட வேலைகளுக்குப் பிறர் உதவியைச் சார்ந்திருக்கிறார்." நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். முடித்ததும் இன்னொரு தடவை கூட்டிப் படித்தேன். பதினைந்து வயதான என் மகளைப் பற்றி அப்படி எழுதியிருந்தார்கள்.

அவளுக்கு ஒன்பது வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. பிழைத்தாள். ஆனால் அதற்குப் பிறகு எழுத்து வசப்படவில்லை. காதால் கேட்டதை மறக்கமாட்டாள். கோயில் பாடல் குழுவில் எல்லாப் பாட்டையும் தாளைப் பார்க்காமல் பாடுவாள். அதையே எழுதச் சொன்னால் ஒரு வரிக்குள் வியர்த்துவிடும். மூளைத்திறன் சோதனை செய்து சான்று வாங்கினால் பத்தாம் வகுப்புப் பரீட்சையில் கூடுதல் நேரமும், அவள் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆளும் கிடைக்கும் என்று தலைமையாசிரியை சொன்னார். அதற்காகத்தான் தூத்துக்குடியில் இருந்த சோதனை மையத்துக்குப் போனோம்.

இரண்டு நாள் காலையில் சோதனை. கட்டை அடுக்கினாளாம், எண்களைத் தலைகீழாகச் சொன்னாளாம். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். இரண்டாம் நாள் என்னைக் கூப்பிட்டார்கள். சோதனை செய்கிற பெண் சின்ன வயதுக்காரர், வெளியூர். கம்ப்யூட்டரிலிருந்து முகத்தைத் தூக்காமலே கேட்டார்.

"தனியா பஸ்ல போவாளா?"

"ஏதோ போவா."

"சமைப்பாளா?"

"அடுப்புப் பக்கம் நிப்பா. அவ்வளவுதான்."

"கடைக்கு அனுப்புனா சரியா வாங்கிட்டு வருவாளா?"

"அவ என்னத்த வாங்குதா..."

எங்கள் கரையில் வள்ளம் நிறைய மீனோடு வருகிறவனிடம் "பாடு உண்டா?" என்று, அதாவது வலையில் மீன் பட்டதா என்று கேட்டால் "கறிக்குத்தான்" என்பான். வீட்டுக் குழம்புக்கு மட்டும்தான் மீன் கிடைத்தது என்று அர்த்தம். இருப்பதைச் சொன்னால் கண் பட்டுவிடும். பிள்ளைகளைப் பற்றிக் கேட்டாலும் அதே பேச்சுதான். கேட்கிறவர் எங்கள் ஆளாக இருந்தால் அவராகவே கூட்டிப் புரிந்துகொள்வார். எனக்கு வேறு, புது ஆளிடம் தலை நிமிர்ந்து பேச வராது. அத்தனை கேள்விக்கும் கறிக்குத்தான் என்கிற மாதிரியே பதில் சொல்லி, காட்டிய இடத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டு வந்தேன். அந்தப் பெண் ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டிருக்கிறார்.

தலைமையாசிரியை அறிக்கையைப் புரட்டினார். "இந்தப் பிள்ளைக்குப் பொதுப் பரீட்சை வேண்டாம். சிறப்புப் பள்ளிக்கு மாத்திருங்க" என்றார். நாலு வருடமாக அவளைத் தினமும் பார்க்கிறவர். பார்த்தது பெரிதில்லை, காகிதம்தான் பெரிதாகப் போயிற்று. அவர் மேஜையைப் புரட்டிப் போடலாம் போல இருந்தது. தலையாட்டிவிட்டு வந்தேன்.

வீட்டில் என் மனைவி கத்தினாள். "பிள்ளையப் பத்திக் கேட்டா, மீன்பாட்டப் பத்திக் கேட்ட மாரி சொல்லிட்டு வந்தியளோ? வாயில என்ன கொழுக்கட்டையா?"

மகள் கத்தவில்லை. "எப்பா, நேத்து மீன் கொழம்பு யாரு வச்சா?" என்று மட்டும் கேட்டாள். அவள்தான் வைத்திருந்தாள்.

மறுநாள் அவளையும் கூட்டிக்கொண்டு சோதனை மையத்துக்குப் போனேன். கதவைத் தட்டாமல் உள்ளே நுழைந்தேன்.

"மேடம், அன்னைக்கு நான் சொன்னதெல்லாம் பொய்யி."

"நீங்கதானே சார் சொன்னீங்க? கையெழுத்துப் போட்டிருக்கீங்களே."

"போட்டேன். நீங்க என் மொகத்தப் பாத்துக் கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். ரெண்டு நாளு இவ இங்கனதான இருந்தா? சமைப்பியான்னு இவகிட்ட ஒரு வார்த்த கேட்டியளா?"

அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எங்கள் கரையில் எப்படிக் குறைத்துப் பேசுவோம் என்பதையும் சொன்னேன். அந்தப் பெண் கம்ப்யூட்டரிலிருந்து கையை எடுத்தார். கட்டைச் சோதனையை உடனே மறுபடி வைக்க முடியாது, பெற்றோரிடம் கேட்கிற கேள்விகளை வேண்டுமானால் திரும்பக் கேட்கலாம் என்றார். இந்தத் தடவை முகத்தைப் பார்த்தார்.

"தனியா பஸ்ல போவாளா?"

"போவா. திருச்செந்தூர் வரைக்கும் போவா."

"சமைப்பாளா?"

"இருவது பேருக்கு ஆக்குவா!"

"எப்பா, அது பொய்யி" என்றாள் மகள். "அஞ்சு பேருக்கு ஆக்குவேன் மேடம். பால மட்டும் அடுப்புல வச்சிட்டு மறந்துருவேன். அப்பா அன்னைக்குக் கொறச்சுச் சொல்லிட்டு, இன்னைக்குக் கூட்டிச் சொல்லுது."

அந்தப் பெண் சிரித்துவிட்டார். நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டு, மிச்சக் கேள்விகளை அவளிடமும் கேட்டார்.

இரண்டாவது அறிக்கையில் அந்த வரி இல்லை. கூடுதல் நேரமும் எழுத ஆளும் தரலாம் என்று இருந்தது. தலைமையாசிரியை அவள் பெயரைப் பரீட்சைப் பட்டியலில் மறுபடி சேர்த்தார். தப்புதான் என்கிற ஒரு வார்த்தைக்காக நான் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். வரவில்லை.

முதல் அறிக்கை பெட்டியில்தான் இருக்கிறது. எடுக்கும்போதெல்லாம் கோபம் வருகிறது, முதலில் அவர்கள் மேல், அப்புறம் என் மேல். கரையில் யாராவது "பாடு உண்டா?" என்றால் இப்போதும் கறிக்குத்தான் என்கிறேன். மீனைப் பற்றி மட்டும்.