ஒரு சாண் நிழல்

கல்கத்தாவின் காளிகாட்டில் எங்கள் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் தூணின் நிழல், குளிர்காலத்தில் நண்பகலிலும் நீண்டு கிடக்கும். கீழ்த்தளத்தில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற வங்காளிப் பூகோள ஆசிரியர், அந்நிழலின் நுனியில் நாள்தோறும் சாக்கட்டியால் கோடிட்டுத் தேதி குறிப்பார். அதை நான் ஒரு பொழுதுபோக்காகவே எண்ணியிருந்தேன்.

சென்ற மார்கழி மூன்றாம் நாள் என் மனைவியை மூச்சுத்திணறலோடு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான்கு நாள் கழித்து டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்: இனிக் குணமாகாது, மாஸ்க் வழியே இயந்திரம் காற்றைத் தள்ளும்வரை உயிர் நிற்கும். வீட்டுக்கு அழைத்துச் சென்றால் வேதனை தெரியாமல் வைத்திருக்கலாம்.

அவளே மாஸ்க்கை விலக்கிக் கேட்டாள். “ஆத்துக்குப் போயிடலாம்னா. மூஞ்சியெல்லாம் எரியறது.”

“தை பொறக்கட்டும். அதுவரைக்கும் பல்லைக் கடிச்சுண்டு இரு.”

“பல்செட்டைத்தான் நர்ஸ் கழட்டிண்டு போயிட்டாளே” என்று சிரிக்க முயன்றாள்.

சூரியன் வடக்கே திரும்பும் உத்தராயணத்தில் பிரியும் உயிர் மீண்டும் பிறப்பதில்லை என்பது என் நம்பிக்கை. அறுபது ஆண்டுகளாக விடியலில் பாசுரம் ஓதித் திருவடி ஒன்றையே வேண்டியவன் நான்; அவளுக்கு அதில் ஓரணுவும் குறையக்கூடாது என்று நினைத்தேன். ஊரிலிருந்து தருவித்த பஞ்சாங்கம் தை முதல் நாள் என்றது.

அந்த ஆசிரியரிடம் படித்த என் மகள் மறுத்தாள். “அப்பா, சூரியன் நேத்தே திரும்பியாச்சு.”

“ஸ்கூல் பாடத்தை எங்கிட்ட ஒப்பிக்காதே.”

“சரி, அம்மா மூக்கையாவது பாரு.”

பார்த்தேன். மாஸ்க் அழுத்திய இடத்தில் தோல் உரிந்திருந்தது. பார்த்தபின்னும் நான் மாறவில்லை.

ஐந்து மணிக்கே இருட்டிவிடும் அந்த நாள்களில், அவள் பேச்சு நின்றது. மாஸ்க்கைப் பிடுங்குகிறாள் என்று கையைக் கட்டிலோடு கட்ட அனுமதி கேட்டார்கள். தலையசைத்தேன். தை இரண்டாம் நாள் காலை உயிர் பிரிந்தது. “உத்தராயணத்துல போயிட்டா, குடுத்து வெச்சவ” என்றார்கள் உறவினர். நானும் அதையே சொல்லிக்கொண்டேன்.

காரியங்கள் முடிந்தபின் ஒரு நண்பகல் மாடிக்குப் போனேன். ஆசிரியர் கோடிட்டுக்கொண்டிருந்தார். நான் தைக்காகக் காத்திருந்ததை அறியாத அவரிடம், வங்காள வழக்கில் அண்ணா என்று விளித்துக் கேட்டேன்: “தாதா, நிழல் எப்போது திரும்பியது?”

தூணுக்கு மிகத் தொலைவிலிருந்த கோட்டைக் காட்டினார். எங்கள் மார்கழி ஆறாம் நாள் அது. பூமி தன் அச்சில் சாய்ந்தபடியே சூரியனைச் சுற்றுகிறது. நாம் இருக்கும் வடபாதி சூரியனைவிட்டு அதிகம் விலகிச் சாயும் அந்நாளில்தான் பகல் மிகக் குறுகும், நிழல் மிக நீளும். மறுநாளே சூரியன் வடக்கே நகரத் தொடங்கிவிடும் என்றார். “உங்கள் தை முதல் நாளும் ஒருகாலத்தில் இதனோடு பொருந்தியிருந்தது, மோஷாய். சாய்ந்த அச்சும் பம்பரத்தின் தலைபோல் மெல்ல வட்டமிடுகிறது. அதனால் நாள் விலகிவிட்டது. வானம் பஞ்சாங்கத்துக்காகக் காத்திருக்குமா?”

அவர் இறங்கிப் போனபின் கோடுகளின் அருகே உட்கார்ந்தேன். முதல் சில கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாய் ஒட்டிக் கிடந்தன. திரும்பிய நாளின் கோட்டில் கட்டைவிரலை ஊன்றிக் கையை விரித்தேன். அவள் போன நாளின் கோட்டைச் சுண்டுவிரல் தொட்டது.

மகள் தாயின் புடவைகளைக் கொடியில் உலர்த்திக்கொண்டிருந்தாள்.

“இப்ப அளந்து என்னப்பா பண்ணப்போறே?”

காலி வாளியை எடுத்துக்கொண்டு, கோடுகளை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு கீழே இறங்கினாள்.