காலரில் ஏறிய வாசனை

அந்த லாண்டரியில் அவளை எல்லோரும் இஸ்திரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முதலாளி அவளைவிட மூத்தவர், அவருக்கும் அவள் அக்காதான். கடையின் பின்னறையில் காலை முதல் சாயங்காலம் வரை நின்றபடியே வேலை. பெட்டியை வைத்து அழுத்தினால் புஸ்ஸென்று ஆவி கிளம்பி எதிரே நிற்பவர் முகத்தையே மறைத்துவிடும். புதிதாக வருகிறவர்களுக்கு மூச்சு முட்டும். அவளுக்கோ அந்த மேகத்துக்குள்தான் நிம்மதி. கை தன்பாட்டுக்குத் தேய்த்துக்கொண்டிருக்கும், மனசு எங்கேயாவது ஊர்சுற்றப் போய்விடும்.

அவளுக்கென்று ஒரு கைப்பழக்கம் உண்டு. காலரைத் தேய்த்து முடித்ததும், சூடு ஆறுவதற்குள் அதை இடது மணிக்கட்டில் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். ஆறினபிறகு கழற்றினால் வளையல் மாதிரி வட்டமாக நிற்கும், நாள் பூராவும் தொங்காது. சூடு பட்டுப் பட்டு அந்த மணிக்கட்டு காய்த்துப்போய்க் கிடந்தது.

அந்தக் கைக்குப் போய் வாசனை கேட்கிறதா என்று நீங்கள் கேட்கலாம். அவளா கேட்டாள்? மூக்குக் கண்ணாடி வாங்கப் போனவளைப் பக்கத்து சென்ட் கடைப் பெண், "சும்மா பாருங்கம்மா" என்று இழுத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு வைத்துவிட்டாள். கடை வாசலில் அது ரோஜாவாக இருந்தது. தெருமுனை திரும்பியபோது ரோஜாவைக் காணோம், ஏதோ ஒரு வெள்ளைப் பூ வந்திருந்தது. வீட்டுப் படியேறும்போது அதுவும் போய், பெயரே தெரியாத பூ ஒன்று, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி அவளோடு கூடவே நடந்துவந்தது. கண்ணாடி வாங்க மறந்தே போனாள். மறுநாள் போனாள், கண்ணாடிக்கு வைத்திருந்த காசில் வாசனைக் குப்பியை வாங்கிக்கொண்டு வந்தாள்.

அவள் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுபவர். விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவார். அவர் போன பிறகு இரண்டு மணிக்கட்டிலும் ஒவ்வொரு சொட்டு வைத்துக்கொண்டு இவள் கிளம்புவாள். ராத்திரி சாப்பாடு போடும்போது வேண்டுமென்றே கையை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். "ஏதாவது தெரியுதா?" என்று கேட்டாள்.

அவர் மோந்து பார்த்துவிட்டு, "என்ன, பால் தீஞ்சுபோச்சா?" என்றார். அந்த மனுஷனை என்ன செய்வது! அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

கடையில் யாரும் வாசனை போட்டுக்கொண்டு வரக்கூடாது என்பது முதலாளியின் சட்டம். துவைத்த துணியில் துணி வாசனைதான் வரவேண்டும் என்பார். எவ்வளவோ பேரை இதற்காகவே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். அதனால் இஸ்திரியக்கா முழுக்கைச் சட்டை போட்டு, காலர் சுற்றும்போது மட்டும் கையை மேலே ஏற்றிவிட்டுத் திருட்டுத்தனமாக மணந்துகொண்டிருந்தாள். ஆவி கிளம்பும்போதெல்லாம் அந்தப் பெயர் தெரியாத பூவும் கிளம்பும். அவள் கண்ணை மூடிக்கொள்வாள்.

இப்படியே போயிருந்தால் ஒரு வம்பும் இல்லை. ஒரு நாள் பல் டாக்டரின் மனைவி வந்து, கசங்கின சட்டை ஒன்றை முதலாளி மேசைமேல் போட்டாள்.

"அவரு சட்டையெல்லாம் இங்கேருந்து நேரா கிளினிக்குக்குத்தானே போகுது? அழுக்காத் திரும்பி உங்ககிட்ட வரும்போது இந்த வாசனையோட வருதா? எனக்கு உண்மை தெரிஞ்சாகணும்."

முதலாளி மோந்து பார்த்தார். "எங்க கடையில வாசனைங்கற பேச்சே கிடையாதும்மா. இது வெளியில பட்டதாத்தான் இருக்கும்."

கொளுத்திப் போட்டாகிவிட்டது. அந்த அம்மாள் சட்டையை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும். சின்னப் பொண்ணு. நீள நீளமா விரல், இடுப்பு வரைக்கும் முடி. அவரு கழுத்தைச் சுத்திக் கையப் போட்டிருக்கா, அதான் காலர் பூரா மணக்குது. கேட்டா ஒண்ணுமே இல்லன்னு சத்தியம் பண்றாரு. பெட்டியெல்லாம் கட்டி வெச்சுட்டேன், எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன்."

பின்னறையில் இஸ்திரியக்காவின் கை நின்றுபோயிற்று. டாக்டர் சட்டைகள்தான் தினமும் முதலில் தேய்ப்பது, வாசனை புதிதாக இருக்கும் நேரம். மற்ற வீடுகளில் யாரும் காலரை மோந்து பார்ப்பதில்லை போலிருக்கிறது!

ஆனால், சொன்னால் சிரிப்பீர்கள், அவளுக்கு முதலில் பயம் வரவில்லை. ஆவிக்குள் நின்றபடி அவள் ஒரு நொடி அந்தப் பெண்ணாகவே ஆகிவிட்டாள். நீள விரல்கள், இடுப்பு வரை முடி. யாரோ ஒருத்தி தன்னை நினைத்து ராத்திரியெல்லாம் தூங்காமல் கிடந்திருக்கிறாள். ஐயோ, எவ்வளவு நன்றாக இருந்தது! அப்புறம் ஆவி கலைந்தது. வாயை மூடிக்கொண்டால் வேலையும் நிலைக்கும், குப்பியும் நிலைக்கும். அந்த வீடு உடைந்துபோகும்.

தேய்த்த சூட்டோடு ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். முழுக்கையை மடித்துவிட்டாள்.

"அம்மா, அந்தப் பொண்ணு நான்தாங்க" என்றாள்.

காலரை மணிக்கட்டில் சுற்றிப் பிடித்துக் காட்டினாள். கழற்றி நீட்டினாள். அந்த அம்மாள் காலரை மோந்தாள், பிறகு அந்தக் காய்த்த கையை இரண்டு கையாலும் பிடித்து மோந்தாள். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"எத்தனை நாளா அந்த மனுஷன்கிட்ட முகங்கொடுத்துப் பேசல நான்! உங்களுக்கு அவ்வளவு நீளமா முடி வெச்சுப் பார்த்தேனே!"

"முடி இருந்துச்சும்மா, ஒரு காலத்துல" என்றாள் இஸ்திரியக்கா.

முதலாளி முகம் கடுகடுத்தது. அதைக் கண்ட அந்த அம்மாள், "இவங்கள ஏதாவது சொன்னீங்க, எங்க வீட்டுத் துணி இனிமே இந்தப் பக்கமே வராது" என்று ஒரே போடாகப் போட்டாள். முதலாளி இறங்கிவந்தார்.

"வேலை நேரத்துல வேண்டாம்கா. முடிஞ்சப்புறம் என்னவோ பண்ணிக்கோ."

அன்று சாயங்காலம் அவள் சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, நன்றாகத் துடைத்து, கிளம்புவதற்கு முன் இரண்டு மணிக்கட்டிலும் ஒவ்வொரு சொட்டு வைத்துக்கொண்டாள். வழியில் ரோஜா வந்தது, போயிற்று. வெள்ளைப் பூ வந்தது.

கதவைத் தட்டினாள். வண்டி ஒர்க் ஷாப்புக்குப் போய்விட்டதால் வீட்டுக்காரர் அன்று சீக்கிரமே வந்திருந்தார். கதவைத் திறந்தவர் அவளைத் தாண்டிப் படிக்கட்டை எட்டிப் பார்த்தார். அவசரமாகச் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டார்.

"யாரு வந்திருக்கா?" என்றார் தாழ்ந்த குரலில்.

"யாரும் இல்லையே."

"இல்ல, பூ வாசனை வருது. உன்கூட யாரோ வந்திருக்காங்க."

"நான்தாங்க வந்திருக்கேன்" என்றாள் அவள்.

அவர் உள்ளே போகவும் இல்லை, வழிவிடவும் இல்லை. மேல் பித்தானைப் பிடித்த கையோடு அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.