நனைத்துக் கட்டிய கயிறு

அன்றைக்கு அந்த இடத்தில் இருந்தவர்கள் மொத்தம் ஏழு பேர். தேயிலைத் தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர், கார் தள்ளுவதற்கு வந்த நான்கு ஆட்கள், லொறி கிளீனர், டிரைவராகிய நான். தோட்டத்து மேனேஜரான தொரையின் கறுப்புக் காரையும் சேர்த்தால் எட்டு. இலங்கை மலையகத்தில், மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், எழுபதுகளின் நடுவில் ஒரு காலை நேரம். பனி இறங்கிக் கிடந்ததில், பத்தடி தள்ளி நின்றவரின் முகம்கூடத் தெரியவில்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். டிரைவர் வேலை கிடைத்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. சின்ன வயதிலிருந்தே பயந்த சுபாவம். லயத்து வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டுப் பாதி தூரம் போனபின் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ஆள்.

தொரையின் கார் பழுதாகிவிட்டது. லொறியில் ஏற்றிப் பதுளையில் உள்ள கராஜுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். கொழுந்துச் சாக்கும் தேயிலைப் பெட்டியும் ஏற்றியிருக்கிறேனே தவிர, கார் ஏற்றியதில்லை. லொறியின் பின்பக்கத்தை ஒரு மண் திட்டோடு ஒட்டி நிறுத்தி, இடையில் இரண்டு தடித்த பலகைகளைப் போட்டோம். நான்கு பேரும் தள்ள, அந்தக் கார் பனிக்குள் சத்தமில்லாமல் பலகைமேல் ஏறியது. தரையைத் தொடாமல் மிதந்து போவது போல இருந்தது. நான் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எங்கள் தோட்டத்தில் விறகு கட்டினாலும், கூரைத் தகரம் கட்டினாலும், தேங்காய் நாரில் திரித்த தும்புக் கயிற்றைத் தண்ணீரில் நனைத்துத்தான் கட்டுவார்கள். ஈரக் கயிறு சுருங்கி இறுகிப் பிடிக்கும். அந்த மலையில் பனிக்கும் மழைக்கும் நடுவே கயிறு எங்கே காயப்போகிறது? கட்டியது கட்டியபடியே கிடக்கும்.

"நல்லா நனைச்சுக் கட்டுங்கடா, கல்லு மாதிரி நிக்கும்" என்றார் டீமேக்கர். அப்படியே காரின் பம்பரில் கட்டினோம். நானும் இழுத்துப் பார்த்தேன், கல் மாதிரிதான் இருந்தது. கார் நீளமாக இருந்ததால் லொறியின் பின் கதவை மூட முடியவில்லை. சக்கரங்களுக்கு ஒரு கட்டையை முட்டுக் கொடுக்க வேண்டும் என்று ஏழு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

காரின் ஹேண்ட் பிரேக் வேலை செய்யாததால், யாராவது உள்ளே இருந்து கால் பிரேக்கை மிதித்துக்கொண்டு வர வேண்டும். கிளீனர் ஆசையாக ஏறிக்கொண்டார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், மூன்று பெண் பிள்ளைகளுக்குத் தகப்பன். தலைத்துண்டை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

"டிரைவர், மெதுவா ஓட்டுப்பா. தொரைக்குத் தூக்கம் வருது."

"எந்தத் தொரைண்ணே வாயில வெத்தலையோட கார்ல போறாரு?" என்று தள்ளிய ஆள் ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

மலை இறங்கத் தொடங்கினோம். பின்பக்கத்துச் சிறிய கண்ணாடி வழியாகப் பார்த்தால் காரின் முகம் மட்டும் தெரிந்தது. பனிக்குள் விளக்குக் கண் இரண்டும் விழித்தபடி என் பின்னாலேயே பறந்து வருவது போலிருந்தது. முதல் மைலிலேயே ஏதோ சத்தம் கேட்டதாக நினைத்து இறங்கிப் பார்த்தேன். கயிறு இறுக்கமாகத்தான் இருந்தது. அடுத்த மைலில் மறுபடி இறங்கினேன். ஒன்றுமில்லை.

கிளீனர் தலையை வெளியே நீட்டினார். "கயித்த விட ஒன் நெஞ்சுதான்ப்பா இறுகிக் கெடக்கு. இன்னொரு தரம் நிப்பாட்டுன, நான் நடந்தே பதுளைக்குப் போயிருவேன்."

வெட்கமாகப் போய்விட்டது.

கீழே பசறை ஊரை நெருங்கும்போது பனி விலகி வெயில் வந்தது. உடம்பு சுடுகிற நல்ல வெயில். லொறி கனவில் ஓடுவது போல லேசாக ஓடியது. அப்போது வளைவில் ஒரு சத்தம், 'டொக்' என்று. அடுத்த வளைவிலும் கேட்டது. இந்த முறை நிஜமாகவே கேட்டது. ஆனால் நான் நிறுத்தவில்லை.

ஒரு சின்ன மேட்டில் ஏறியபோது, கடை வாசலில் சாக்கு விரித்து மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு முஸ்லிம் கடைக்காரர் திடீரென்று எழுந்தார். காயப்போட்ட மிளகை மிதித்துக்கொண்டு ஓடிவந்து, நடுரோட்டில் இரண்டு கையையும் விரித்து நின்றார். பிரேக்கை மிதித்தேன்.

"அல்லாவே! மேல ஒரு மனிசன் தூங்குறாரு, கயிறெல்லாம் தொங்குது!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். வெயிலில் காய்ந்த கயிறு நீண்டு, தளர்ந்து, கொடி போலத் தொங்கியது. கார் பின்னுக்கு உருண்டு, பின் சக்கரங்கள் லொறித் தட்டின் விளிம்பில் நின்றன. அதற்கு அப்பால் வெறும் காற்று. உள்ளே கிளீனர் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டு, வாயைத் திறந்தபடி நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். முன்னால் பதுளை வரைக்கும் ஏற்றமும் வளைவும்தான்.

அவரை எழுப்பவே எனக்குப் பயமாக இருந்தது. கடைக்காரரும் தெருவில் போனவர்களும் சேர்ந்து காரை முன்னுக்குத் தள்ளினார்கள். கடைக்காரர் விறகுக் கட்டைகளைக் கொண்டுவந்து சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செருகினார். பிறகு புதிதாக ஒரு காய்ந்த கயிற்றுச் சுருளை எடுத்துக் கொடுத்தார். இந்த முறை பம்பரில் கட்டாமல் அடியிலிருக்கும் அச்சில் குறுக்கும் மறுக்குமாகக் கட்டினோம். கிளீனர் பதுளை வரைக்கும் என் பக்கத்து சீட்டிலேயே உட்கார்ந்து வந்தார்.

கிளம்பும்போது கடைக்காரர் கேட்டார்: "சத்தம் ஒண்ணும் கேக்கல்லியா?"

"கேட்டுச்சு நானா." முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம்.

"அப்ப ஏன் நிப்பாட்டல்ல?"

நான் தலையைக் குனிந்துகொண்டு கயிற்றின் விலையைக் கேட்டேன். ஆறு ரூபாய், திரும்பி வரும்போது தந்தால் போதும் என்றார். திரும்பி வந்தபோது கடை பூட்டியிருந்தது. அடுத்த வாரமும் பூட்டியிருந்தது. ஊரைவிட்டே போய்விட்டார் என்று பக்கத்துக் கடையில் சொன்னார்கள், எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ சுமை ஏற்றிவிட்டேன். வெயில் மாறும் இடத்தில் ஒரு தரம், ஏற்றம் தொடங்கும் இடத்தில் ஒரு தரம் இறங்கிக் கயிற்றை இழுத்துப் பார்க்காமல் போனதில்லை. கூட வருகிறவர்கள் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவேன். கிளீனரின் கேலிக்கு வெட்கப்பட்டு அவருடைய உயிரையே விளிம்பில் வைத்துக்கொண்டு ஓட்டினேன் என்பதை அன்றைக்கு அந்தக் கடைக்காரரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருக்குச் சொல்ல வேண்டிய அந்தப் பதிலும், கொடுக்க வேண்டிய ஆறு ரூபாயும் இன்னும் என்னிடமே இருக்கின்றன.