கதவுக்குப் பின்னால் இங்கிலீஷ்

ஸ்பானிஷ் பேசும் சான்டியாகோ நகரத்தில் வாடகை பைக் ஓட்டும் எலிஹியோவுக்குக் கொஞ்ச நாளாக வாழைக்காய் மசியல்கூடத் தொண்டையில் இறங்கவில்லை. அவன் மனைவி யுடெல்கா தினமும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழைந்த குரலில் யாரிடமோ இங்கிலீஷில் பேசினாள். அவனுக்குப் புரிந்தது "சாரி" மட்டும்தான். அவனிடம் அவள் ஒரு தடவைகூட மன்னிப்புக் கேட்டதில்லை.

பைக் ஸ்டாண்டில் இதைக் கேட்டு, கூட ஓட்டும் வில்கின் சிரித்தான். "நம்ம பேட்டைப் பொம்பளைங்க இங்கிலீஷ் எதுக்குடா கத்துக்குறாங்க? நியூயார்க்குல ஒருத்தன் டிக்கெட் எடுத்து வச்சிருப்பான். போறப்ப உன் பைக்கைக் கேக்கமாட்டா, கவலைப்படாத."

வெள்ளிக்கிழமை உதட்டுச்சாயம் பூசிக்கொண்டு, "அக்கா வீட்டுக்கு" என்று யுடெல்கா கிளம்பினாள். அவள் ஏறிய பஸ்ஸுக்குப் பின்னாலேயே எலிஹியோ பைக்கில் போனான். அவள் நுழைந்தது ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்குள். வாசலில் பத்துப் பதினைந்து பேர் கண்ணை மூடி இங்கிலீஷ் சொற்களை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். கால் சென்டர் வேலைக்குப் பரீட்சை என்றார் காவலாளி.

வெளியே வந்தவள் அவனைப் பார்த்து நின்றாள். "பின்னாடியே வந்தியா?"

"பரீட்சைன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"போன வருஷம் லைசென்ஸ் டெஸ்ட்ல நான் ஃபெயிலானதை ஸ்டாண்டுல சொல்லிச் சிரிச்சது யாரு?"

அவன் தலையைச் சொறிந்தான். "இப்ப?"

"பாஸ். திங்கட்கிழமையிலேருந்து நைட் ஷிஃப்ட்."

பைக்கை உதைக்கப் போன கால் அப்படியே நின்றது. "ராத்திரி பூரா யார்கிட்ட பேசுவ?"

"போன் பண்ணித் திட்டுறவங்ககிட்ட. அதுக்குத்தான் சாரி சொல்லிப் பழகுனேன். வண்டியை எடு."

வீடு வரும்வரை அவன் பைக் கண்ணாடியில், பின்னால் உட்கார்ந்திருந்த அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டினான்.