கோஸ் வயலோரம் அழுத்தம் ஏற்றிய நாள்

கேஸ் குழாயில் அழுத்தம் கூட்டுவதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒரே மூச்சில் ஏற்றக் கூடாது. கொஞ்சம் ஏற்ற வேண்டும், நிறுத்த வேண்டும், லைன் நெடுக ஒருவர் டிடெக்டரைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். அவர் கடைசிவரை போய்க் கசிவு இல்லை என்று சொன்ன பிறகுதான் அடுத்த படி. எங்கள் கம்பெனியில் அப்படி நடக்கிற ஆள் நான்.

உத்தனப்பள்ளி பக்கம் புதிதாக வந்த தொழிற்சாலைக்கு இருந்த அழுத்தம் போதவில்லை. கூட்டச் சொல்லி நெருக்கினார்கள். ஏற்றுவதற்கு முன்னால் லைனை முழுசாகச் சோதிக்க வேண்டும் என்பதும் விதிதான். சாலையை அகலப்படுத்த ஜேசிபி தோண்டியிருக்கிறது, மறுபடி பார்த்துவிடலாம் என்றேன்.

"போன வருஷம் பாத்ததே போதும்ப்பா. நீ ஓவரா பயப்படற" என்றார் மேனேஜர். ஏசி அறையில் உட்கார்ந்தபடியே அவருக்கு மண்ணுக்கடியில் கண் தெரியும்.

காலையில் முதல் படி ஏற்றினார்கள். நடக்க ஆரம்பித்தேன். அந்த முறை முட்டைக்கோஸ் விலை விழுந்து, அறுப்புக் கூலிக்கே கட்டாது என்று வயலிலேயே அழுகவிட்டிருந்தார்கள். கசிந்தால் தெரியட்டும் என்று எங்கள் கேஸில் கலக்கும் மருந்தும் ஏறக்குறைய அதே நாற்றம்தான். ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தது. யாரும் எங்களுக்குப் புகார் சொல்லவில்லை.

பாதி தூரம்கூடப் போயிருக்க மாட்டேன், வால்வு அருகே நின்ற கூட்டாளி போன் செய்தார்.

"அண்ணா, மேனேஜர் ரெண்டாவது படியும் ஏத்தச் சொல்லிட்டாரு, ஏத்தியாச்சு. ஃபேக்டரியில இருந்து போன் மேல போன்."

"நான் இன்னும் நடந்தே முடிக்கல! இறக்குப்பா!" என்று கத்திவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

வயலை ஒட்டிய ஓட்டு வீட்டின் முன்னால் டிடெக்டர் அலறியது. வெளியே கல்லில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம், உள்ளே யார் என்று கேட்டேன்.

"எங்க வீட்டுக்காரரு சார். நைட் ஷிப்ட் முடிச்சு இப்பதான் படுத்தாரு, எழுப்பாதீங்க."

"கேஸ் கசியுதும்மா. நாத்தம் வரல?"

"அது கோஸ் நாத்தம் சார். அதுக்குத்தான் ஜன்னல எல்லாம் சாத்தி வெச்சிருக்கேன். உங்க கேஸு எங்க வீட்டுக்கு இல்லவே இல்லியே, நாங்க சிலிண்டருதான்."

மண்ணுக்குள் கசிகிற கேஸ், கனெக்‌ஷன் இருக்கிறதா என்று பார்த்து வீட்டுக்குள் நுழைவதில்லை. சாக்கடைக் குழாய் ஓரமாகவே புகுந்துவிடும். விளக்க நேரமில்லை. பகலில் தூங்கும் ஷிப்ட்காரர்களின் அறை எப்படி இருக்கும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும்: கதவுக்கு உள்தாழ், ஜன்னலில் போர்வை, முழு வேகத்தில் ஃபேன். காலிங் பெல்லைத் தொடாமல் கதவைத் தட்டினேன். "லைட் போடாதீங்க, அப்படியே வெளிய வாங்க" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அந்தப் பெண்ணும் கத்தினார். ஃபேன் சத்தத்தில் உள்ளே படுத்திருந்தவருக்கு என்ன கேட்டதோ. தூக்கத்தில் திடுக்கிட்டு எழுகிற எவரும் இருட்டில் முதலில் சுவிட்சைத்தான் தேடுவார். அவரும் தேடிப் போட்டார்.

வெடித்த வேகத்தில் கதவோடு சேர்ந்து நான் வாசலைத் தாண்டிப் போய் விழுந்தேன். அவரை உயிரோடுதான் பெங்களூருக்குக் கொண்டுபோனார்கள். பிணமாகத்தான் திரும்பினார்.

கையில் கட்டோடு காரியத்துக்குப் போனேன். மேனேஜர் வரவில்லை. அந்தப் பெண் என்னைப் பார்த்ததும் கேட்டார்.

"நீங்க தட்டாம இருந்திருந்தா அவரு தூங்கிட்டே இருந்திருப்பாருல்ல சார்?"

தெரிந்ததை மட்டும் சொன்னேன். ஒவ்வொரு படிக்கும் நிறுத்தி, நான் நடந்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். உங்கள் வீட்டுக்கு நான் வந்து சேர்வதற்குள் அடுத்த படியை ஏற்றிவிட்டார்கள் என்றேன்.



"எங்க வீடு வரைக்கும் நீங்க நடந்து வர்ற நேரம்கூடவா சார் அவங்களுக்குப் பொறுக்கல?"